ஆடம்பர வரியும் வாகைப் பட்டமும்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டியதைக் காத்தல் அதனினும் அரிது. காத்த பொருளை எக்காலத்தில் எதன்பொருட்டுச் செலவிடுவது என்று அறிதல் எல்லாவற்றினும் அரிது. இவ்வுண்மை இல்லறம் நடத்துவோர்க்கும் வாணிகர்க்கும் மட்டுமன்றி, விளையாட்டுக் குழுக்களை உடையவர்க்கும் பொருந்துவதாம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே கூடைப்பந்தாட்டத்தைத் தொழிலாக நடத்தும் குழுக்களின் நடுவே ஆண்டுதோறும் ஒரு வினா எழுகின்றது. வாகைப் பட்டத்துக்குப் போட்டியிடும் பொருட்டு ஒரு குழு ஆடம்பர வரி செலுத்தலாமா, ஆகாதா என்பதே அவ்வினா. அதனை ஆராய்ந்து எமக்குத் தோன்றிய முடிபை இங்கே கூற முற்படுகின்றோம்.

கூடைப்பந்து நம் மாணவர்க்குப் புதியதன்று. 1891 ஆம் ஆண்டின் இறுதியில், மாசச்சூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரிலே, வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பீச்சுப்பழக் கூடைகள் இரண்டை உயரத்தே கட்டி, குளிர்காலத்தில் மாணவர் உள்ளரங்கில் ஆடுதற்கென இவ்வாட்டத்தை வகுத்தார். அச்சங்கத்தைச் சார்ந்த எச். ஸி. பக் துரை 1920 இல் சென்னையில் நிறுவிய தேகப்பயிற்சிப் பள்ளியில் தேர்ந்த ஆசிரியர்கள் நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் விளையாட்டுப் பயிற்சி அளித்தனர். ஆனால் நம் மைதானத்தில் ஆடுவோர்க்குச் சம்பளம் இல்லை. கிடைப்பது வியர்வையும் மகிழ்ச்சியுமே. அமெரிக்காவில் 1946 இல் தோன்றி, 1949 முதல் தேசியக் கூடைப்பந்துச் சங்கம் என்னும் பெயர் தாங்கி, இன்று முப்பது குழுக்களைக் கொண்டு விளங்கும் அமைப்பின் கதையோ வேறு. அங்கே ஆட்டம் பெரும் வாணிகமாகவும் உளது. ஊரார் உள்ளத்தைப் பிணிக்கும் கயிறாகவும் உளது. இவ்விரு தன்மைகளும் ஒன்றோடொன்று மோதும் இடத்திலேதான் நமது வினா பிறக்கின்றது.

முதற்கண் வரியின் இயல்பை அறிதல் வேண்டும். செல்வம் மிக்க நகரத்துக் குழு சிறந்த ஆட்டக்காரர் அனைவரையும் விலைக்கு வாங்கிவிடுமாயின் ஏனைய குழுக்கள் பெயரளவிலேயே ஆடுவனவாகும். அதனைத் தடுக்கக் கருதி, 1984-85 ஆம் பருவத்தில் ஒவ்வொரு குழுவும் ஆட்டக்காரர்க்கு அளிக்கும் மொத்தச் சம்பளத்துக்கு 36 லட்சம் டாலர் என்று ஓர் எல்லை வகுக்கப்பட்டது. எனினும் அவ்வெல்லை மதிலன்று, வேலியே. அதிற் சில வாயில்கள் வைக்கப்பட்டன. தன்னிடத்தே ஆடிவரும் ஆட்டக்காரரை நிறுத்திக்கொள்ளும்பொருட்டு ஒரு குழு எல்லையைக் கடக்கலாம் என்பது அவற்றுள் தலையாய வாயிலாகும். அவ்வாயில் வழியே மிகத் தொலைவு செல்வோரைத் தடுக்க மேலே மற்றொரு கோடு கிழிக்கப்பட்டது. அதனைத் தாண்டும் குழு, தாண்டிய தொகைக்கு ஏற்பச் சங்கத்துக்குத் தண்டம் கட்டுதல் வேண்டும். இதுவே 2002-03 ஆம் பருவத்தில் முதன்முதல் தண்டப்பெற்ற ஆடம்பர வரி. 2025-26 ஆம் பருவத்தில் முதலெல்லை 15.46 கோடி டாலர் அளவினதாகவும், வரிக்கோடு 18.79 கோடி டாலர் அளவினதாகவும் இருந்தன.

தொடக்கத்தில் ஒரு டாலர் மிகுதிக்கு ஒரு டாலரே வரி. 2013-14 முதல் அது படிப்படியாய் ஏறுவதாயிற்று. கோட்டுக்கு மேற்பட்ட முதல் ஐம்பது லட்சத்துக்கு டாலர் ஒன்றுக்கு ஒன்றரை, அடுத்த ஐம்பது லட்சத்துக்கு ஒன்றே முக்கால், அதற்கடுத்து இரண்டரை, பின்னர் மூன்றே கால் என்பது பல ஆண்டுகள் நடந்த கணக்கு. அக்கணக்கின்படி இரண்டு கோடி டாலர் மிகுதியாகச் சம்பளம் அளித்த குழு நாலரைக் கோடி டாலர் வரியாகக் கொடுத்தல் வேண்டும். நான்கு ஆண்டுகளுள் மூன்றில் வரி கட்டிய குழு மீண்டும் தாண்டினாலோ, தண்டம் மேலும் பெருகும். 2025-26 முதல் கீழ்ப்படிகளின் விகிதம் குறைந்தும் மேற்படிகளின் விகிதம் கூடியும் மாற்றப்பெற்றன. இவ்வளவோடு நில்லாது, 2023 ஆம் ஆண்டு உடன்படிக்கையால், வரிக்கோட்டுக்கு மேலே இன்னும் உயரமான மற்றொரு கோட்டையும் கடப்பவர்க்குப் பொருட்டண்டம் மட்டுமன்றிக் கைவிலங்கும் இடப்பட்டது. அக்குழுவினர் இரண்டு ஆட்டக்காரரின் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை மாற்றாகப் பெறுதல் இயலாது. பிற குழுவினரிடமிருந்து நடுத்தரச் சம்பளத்தில் ஆளெடுக்கும் சலுகையையும் இழப்பர்.

இத்துணை இடர்ப்பாடு உடைய வரியை விரும்பித் தலைமேற் கொள்வது அறிவுடைமையோ எனின், அதற்கு ஒரு சொல்லில் விடை கூறல் இயலாது. வரி கட்டியவர் கெட்டதும் உண்டு; கட்டாதவர் கெட்டதும் உண்டு. இரு திறத்தாரையும் ஒருங்கே வைத்து நோக்குவோமாக.

புரூக்லின் நெட்ஸ் குழுவினர் 2013 இல் பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவிடமிருந்து கெவின் கார்னெட், பால் பியர்ஸ் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களைப் பெற்றனர். இருவரும் இளமை கடந்தவர். அவர்க்கு ஈடாக, புதிய இளைஞரைத் தேர்ந்தெடுக்கும் தம் முதற்சுற்று உரிமைகளைப் பல ஆண்டுகளுக்குக் கொடுத்துவிட்டனர். 2013-14 ஆம் பருவத்தில் அவர்கள் கட்டிய ஆடம்பர வரி மட்டும் 9 கோடி டாலர். பயனோ, 44 வெற்றிகளும், இரண்டாம் சுற்றிலே மயாமி குழுவிடம் தோல்வியுமே. பின்னர் அக்குழு தேய்ந்து 2016-17 இல் 20 ஆட்டங்களையே வென்றது. அவர்கள் கொடுத்த உரிமைகளின் வழியாகவே ஜேலன் பிரவுன், ஜேசன் டேட்டம் என்னும் இளைஞர் இருவரும் பாஸ்டனுக்குக் கிடைத்து, 2024 இல் அந்நகருக்கு வாகைப் பட்டம் ஈட்டினர். ஒருவர் விதையையே விற்று விருந்து வைத்தார். மற்றவர் அவ்விதையை வாங்கி விளைத்தார்.

அண்மையில் பீனிக்ஸ் சன்ஸ் குழுவும் அவ்வழியே சென்றது. 2024-25 ஆம் பருவத்தில் அக்குழு ஏறக்குறைய 15 கோடி டாலர் வரி செலுத்தியது. சங்கத்திலே மிகப்பெருஞ் சம்பளம் வாங்கும் கூட்டமாக இருந்தும், 36 ஆட்டங்களில் வென்று 46 இல் தோற்று, இறுதிச் சுற்றுக்களின் வாயிலைக்கூட மிதிக்கவில்லை. அடுத்த கோடையிலே அதன் பெருந்தூணாகிய கெவின் டூரன்ட் ஹூஸ்டனுக்கு அனுப்பப்பட்டார்.

இவற்றைக் கண்டவர், வரி கட்டுவது வீண் என்று முடிவு செய்தல் எளிது. ஆயின் அதே பீனிக்ஸ் நகரத்தின் பழங்கதையைக் கேட்டல் வேண்டும். ஸ்டீவ் நாஷ் தலைமையில் அக்குழு வாகைக்கு மிக அணித்தாக நின்ற காலம் அது. 2007 ஆம் ஆண்டு, அந்நாளைய உடைமையாளர் வரிக்கு அஞ்சி, கர்ட் தாமஸ் என்னும் தடுப்பாட்டக்காரரைச் சியாட்டில் குழுவுக்குத் தள்ளிவிட்டனர். அவருடைய ஓராண்டுச் சம்பளம் ஏறக்குறைய 80 லட்சம் டாலர். வரியோடு அதன் இரட்டிப்பு மிச்சமாயிற்று. சும்மா தள்ளினால் ஏற்பார் இலர் என்று, முதற்சுற்றுத் தேர்வுரிமைகள் இரண்டையும் உடன் கொடுத்தனர். அடுத்த பெப்ருவரியில் சியாட்டில் அவரை ஸான் அன்டோனியோ குழுவுக்கு மாற்றியது. 2008 இல் முதற்சுற்றிலேயே பீனிக்ஸை வெளியேற்றியது அந்த ஸான் அன்டோனியோ குழுவே. கொடுத்த இரண்டு உரிமைகளுள் ஒன்றினால் அவ்வாண்டு தெரிந்தெடுக்கப்பட்டவர் ஸெர்ஜ் இபாக்கா என்னும் காங்கோ நாட்டு இளைஞர். யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசியவாறு ஆயிற்று பீனிக்ஸின் செயல். நாஷ் அங்கே ஆடிய ஆண்டுகளில் அந்நகரம் இறுதித் தொடரைக் காணவே இல்லை.

இபாக்காவின் கதை இத்துடன் முடியவில்லை. சியாட்டில் குழு 2008 இல் இடம் பெயர்ந்து ஓக்லஹோமா நகரத்துத் தண்டர் குழுவாயிற்று. அங்கே டூரன்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன், இபாக்கா ஆகிய நால்வரும் இருபது வயதை ஒட்டிய இளைஞராய் ஒருங்கே வளர்ந்து, 2012 இல் இறுதித் தொடரை அடைந்து, மயாமியிடம் தோற்றனர். அத்தோல்வியைக் கண்ட எவரும், இவர்கள் இன்னும் பன்முறை வருவர் என்றே எண்ணினர். அக்கோடையில் இபாக்காவுக்கு நான்காண்டு ஒப்பந்தம் அளிக்கப்பட்டது. ஹார்டனுக்கோ நான்காண்டுகட்கு ஏறக்குறைய 5.5 கோடி டாலர் தருவதாகக் கூறினர். அவர் பெறத்தக்க உச்ச அளவு ஏறக்குறைய 6 கோடி. இடைப்பட்டது அரைக்கோடி, ஆயின் அதன் பின்னே படியேறும் புதிய வரி அச்சுறுத்தி நின்றது. 2012 அக்டோபர் மாத இறுதியில், பருவம் தொடங்கச் சில நாட்களே இருக்க, ஹார்டன் ஹூஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். அவர் 2018 இல் சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது பெற்றார். டூரன்ட் 2014 இலும் வெஸ்ட்புரூக் 2017 இலும் அவ்விருதைப் பெற்றவர்களே. மூன்று மணிகள் ஒரு நகரத்தில் விளைந்தும் ஒரு மாலையாகக் கோக்கப்படாமற் போயின.

நடுநிலை தவறாது பேசின், ஹார்டனுக்கு ஈடாகவும் சில நன்மைகள் கிடைத்தன; ஸ்டீவன் ஆடம்ஸ் என்னும் நல்ல ஆட்டக்காரர் அவ்வாறு வந்தவரே. பின்னாட் தோல்விகளுக்கு ஆட்டக்காரருற்ற காயங்களும் காரணமாயின. எனினும் 2016 இல் டூரன்டும் பிரிந்து சென்றார். அந்த நால்வரை வளர்த்த நகரம் மறுமுறை இறுதித் தொடரைக் காணப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. நகைப்புக்குரியது மற்றொன்று. 2012 இல் வரிக்கு அஞ்சிய அதே குழு, 2018-19 இல் ஏறக்குறைய 6 கோடி டாலர் வரி கட்டியது. அப்பொழுது அது முதற்சுற்றிலேயே போர்ட்லாந்திடம் தோற்கும் நிலையில் இருந்தது. பயிர் பால்பிடிக்கும் நாளில் நீர் பாய்ச்ச மறுத்தவன், அறுவடை முடிந்த வயலுக்கு ஏற்றம் இறைத்தானாம்!

உரிய காலத்தில் வரி கட்டிப் பயன் பெற்றவரும் உளர். கிளீவ்லாந்து பெருஞ்செல்வ நகரன்று. 1964 க்குப் பின் எந்தப் பெருவிளையாட்டிலும் வாகை காணாத ஊர். அண்டை ஊராகிய அக்ரனில் பிறந்த லெப்ரான் ஜேம்ஸ் 2014 இல் அந்நகருக்குத் திரும்பினார். அந்நகரமே தெரிந்தெடுத்து வளர்த்த கைரி எர்விங் உடனிருந்தார். 2015-16 இல் உடைமையாளர் 5 கோடி டாலருக்கு மேல் வரி கட்டினார். மூன்று ஆட்டங்களுக்கு ஒன்று எனப் பின்தங்கியிருந்த நிலையினின்றும் எழுந்து, அப்பருவத்தில் 73 ஆட்டங்கள் வென்ற கோல்டன் ஸ்டேட் குழுவை 2016 ஜூன் மாதத்தில் அவர்கள் வென்றனர். ஐம்பத்திரண்டு ஆண்டுத் தாகம் தீர்ந்தது. அந்தக் கோல்டன் ஸ்டேட் குழுவும் தானே தெரிந்தெடுத்த கறி, தாம்ஸன், கிரீன் மூவரையும் பிரியவிடாது வைத்திருந்து, 2021-22 இல் ஏறக்குறைய 17 கோடி டாலர் வரி கட்டி வாகை சூடியது.

இச்செய்திகளை ஒருங்கு வைத்து நோக்கின் ஒன்று புலனாகும். வரி கட்டிக் கெட்டவர் பிறர் வளர்த்ததை விலைக்கு வாங்கினோர். வரி கட்டி உயர்ந்தவர் பெரும்பாலும் தாம் வளர்த்ததைக் காத்துக்கொண்டோர். ஆகவே கட்டலாமா என்பதினும், எவர்பொருட்டுக் கட்டுகின்றோம், எப்பொழுது கட்டுகின்றோம் என்பனவே கேட்கத்தக்க வினாக்கள்.

இதற்கு மாறாகக் கூறப்படும் ஆட்சேபங்கள் மூன்று. அவற்றை முறையே ஆராய்வோம்.

முதலாவது, வரி கட்டுவது சிறு நகரங்களுக்குச் செய்யும் அநீதி என்பது. இஃது ஓரளவு உண்மையே. ஆயினும் அவ்வரிப்பணத்தில் ஒரு பங்கு, வரி கட்டாத குழுக்களுக்கே பிரித்தளிக்கப்படுகின்றது. விதியை மீறுவோன் வேறு. விதி குறித்த விலையைக் கொடுத்து விதி திறந்த வாயிலில் நுழைவோன் வேறு. ‘ஆடம்பரம்’ என்னும் பெயரே இங்கு நம்மை மயக்குகின்றது. பத்தொன்பது வயதில் வந்த இளைஞனைப் பயிற்றி ஆளாக்கி, அவன் ஆளான பின்னர்ப் பிரியவிடாது வைத்துக்கொள்வது ஆடம்பரம் ஆகுமா?

இரண்டாவது, வரியின்றியே வெல்லலாம் என்பது. 2025 இல் ஓக்லஹோமா நகரமும் இண்டியானாவும் இறுதித் தொடரில் மோதின. இரண்டும் அவ்வாண்டு வரிக்கோட்டுக்குக் கீழே நின்ற குழுக்கள். ஏழாவது ஆட்டத்தில் ஓக்லஹோமா வென்றது. இது பெரிய சான்றுபோலத் தோன்றும். ஆயின் காரணத்தை நோக்குக. புதிதாய் வரும் இளைஞரின் முதல் நான்காண்டுச் சம்பளம் சங்க விதியால் தாழ்ந்த அளவிலே கட்டப்பட்டுளது. ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோல்ம்கிரென் இருவரும் அத்தாழ்ந்த சம்பளத்தில் ஆடிக்கொண்டே வாகை ஈட்டினர். அது கன்று பசுவாகும் வரையிலான சலுகைக் காலம், என்றும் நிற்பதன்று. 2025 கோடையிலேயே அவ்விருவர்க்கும் 2026-27 இல் தொடங்கும் ஐந்தாண்டுப் பேரொப்பந்தங்கள் எழுதப்பட்டன. அவர்கள் தலைவர் ஷாய் கில்ஜியஸ் அலெக்ஸாண்டருக்கு 2027-28 இல் தொடங்கும் நான்காண்டுக்கு ஏறக்குறைய 28.5 கோடி டாலர். ஆகவே 2012 இல் அந்நகர வாயிலைத் தட்டிய வினாவே மீண்டும் வந்து தட்டுகின்றது. வரியின்றி வெல்லலாம் என்பது மெய். வென்றதை வரியின்றி நெடுங்காலம் காக்கலாம் என்பது ஐயத்துக்கு உரியது.

மூன்றாவது, பணம் உடைமையாளருடையது; அதனைச் செலவிடுக என்று சொல்ல நாம் யார் என்பது. இதுவே வலிய ஆட்சேபம். ஆயின் குழு உடைமையாளருக்கு மட்டுமே உரியதோ? ஓக்லஹோமா நகரத்து மக்கள் 2008 மார்ச்சு மாதத்தில், தம் விளையாட்டரங்கைச் செப்பனிடுவதற்காக விற்பனை வரி ஒன்றைத் தம்மீது தாமே வாக்களித்து விதித்துக்கொண்டனர். மீண்டும் 2023 டிசம்பரில், குறைந்தது 90 கோடி டாலர் செலவில் புதிய அரங்கம் அமைக்க, டாலர் ஒன்றுக்கு ஒரு சதமாக ஆறாண்டுகளுக்கு வரி கொடுக்க இசைந்தனர். வாக்களித்தோருள் நூற்றுக்கு 71 பேர் உடன்பட்டனர். உடைமையாளர் தருவதாக ஒப்பியது 5 கோடி. அவ்வரியால் அரிசியும் ஆடையும் வாங்கும் ஏழையும் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு சதம் அக்குழுவின்பொருட்டு அளிக்கக் கடமைப்பட்டான். அவன் ஆட்டத்தை நேரிற் காண நுழைவுச்சீட்டு வாங்கும் வன்மையுடையவனோ என்பதும் தெரியாது. குடிகள் தம் குழுவுக்காக வரி கொடுக்க இசைந்த நகரத்தில், அக்குழுவின் தலைவர் வரிக்கு அஞ்சி, குடிகள் கண்ணெனப் போற்றும் இளைஞரைப் பிரிய விடுவாராயின், அது கணக்கிற் பொருந்தினும் நெறியிற் பொருந்துமோ?

மேலும், உடைமையாளர் இழப்பது உண்மையில் எவ்வளவு? பாஸ்டன் குழு 2002 இல் 36 கோடி டாலருக்கு விலைபோயிற்று. 2025 இல் அதன் மதிப்பு 610 கோடி டாலர் என்று பேசி விற்கப்பட்டது. ஓராண்டு வரியால் உடைமையாளர்க்கு வரும் நட்டம், அவர் கையிலுள்ள பொருளின் வளர்ச்சி முன்னே சிறு தேய்வே. ஊரார் நெஞ்சில் விழும் பள்ளத்தை நிரப்புதற்கோ எந்தக் கணக்கேடும் இல்லை. சியாட்டில் மக்கள் அதனை அறிவர்.

இவை கூறியது கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கட்டுக என்று யாம் சொன்னதாகக் கொள்ளற்க. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும். எமது கருத்தில் வரி செலுத்துதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. சம்பளம் பெறுவோருள் தலையாயவர் அக்குழு தானே வளர்த்தவராயிருத்தல் ஒன்று. அக்குழு இறுதிச் சுற்றுக்களின் வாயிலை முன்னரே எட்டிப் பார்த்ததாயிருத்தல் இரண்டு. இத்தனை ஆண்டு கட்டுவோம், அதன்பின் சுமையை இறக்கி வைப்போம் என்னும் வரையறை இருத்தல் மூன்று. பாஸ்டன் குழு இம்மூன்றுக்கும் இலக்கியமாகும். தான் வளர்த்த டேட்டம், பிரவுன் இருவரையும் நடுவாக வைத்து வரி கட்டி 2024 இல் வென்றது. டேட்டம் 2025 மே மாதத்தில் கொடிய காயம் உற்றதும், அக்கோடையிலேயே ஜ்ரூ ஹாலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ் இருவரையும் பிற குழுக்களுக்கு அனுப்பிச் சுமையைக் குறைத்தது. ஏறத் தெரிந்தவர்க்கு இறங்கவும் தெரிதல் வேண்டும்.

இம்மூன்று அடையாளங்களும் கூடிய இடத்தில் வரி செலுத்துதல் தகும் என்பது மட்டுமன்று, கடமையும் ஆகும் என்பதே எம் துணிபு. இவற்றுள் ஒன்றேனும் குறையின், பொறுத்திருந்து விதைப்பதே மேல். ஓக்லஹோமா நகரத்திலோ மூன்றனுள் முன்னைய இரண்டும் அமைந்துள்ளன. மூன்றாவதை அமைத்துக்கொள்வது உடைமையாளர் கையிலே உளது. ஒரு தலைமுறை இளைஞரை அந்நகரம் ஒருமுறை இழந்து, அதன் விலையைப் பதின்மூன்று ஆண்டு காத்திருந்து கொடுத்தது. அவ்விலையோடு ஒப்பிடின் ஆடம்பர வரி எத்துணைப் பெரிதாயினும் சிறிதே. கட்ட வேண்டிய நாள் வரும்பொழுது அந்நகரத்து உடைமையாளர் தயங்காது கட்டுவாராக. ஊரார் தம் பங்கைக் கட்ட முன்னரே இசைந்துவிட்டனர் அன்றோ?